குளிர் மலையில் கொதிக்கும் எஞ்சின்

நுவரெலியாவின் மாகாஸ்தோட்டைச் சரிவில் 1934இல் தொடங்கிய மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் ஓடும் கார்கள் எஞ்சினின் முழு வலுவையும் பிழிந்தெடுத்து ஏறுகின்றன. ஆனால் மலைநாட்டில் ரேடியேட்டர் கொதித்து, பொனட்டைத் திறந்துவைத்து ஆவி பறக்க நிற்பவை பெரும்பாலும் றம்பொடை வளைவுகளில் உரமும் சீமெந்தும் ஏற்றிவந்த லொறிகளே. வண்டி பழசு என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. புதிய வண்டியையும் அந்த ஏற்றம் சோதிக்கத்தான் செய்யும். எஞ்சினைக் கொதிக்க வைப்பது அதன் வலு மட்டுமல்ல. எஞ்சின் மீதான சுமை எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அதற்குள் ரேடியேட்டர் வழியே எவ்வளவு காற்று போகிறது என்பதே கணக்கு.

பந்தயக் காரின் ஓட்டம் குறுகியது. எழும் வெப்பத்தில் ஒரு பகுதியை எஞ்சின் இரும்பும் நீரும் வாங்கிக்கொள்ள, மிச்சத்தை வேகக்காற்று அள்ளிப்போகும். கட்டுக்குருந்தை போன்ற பந்தயத் தடத்தில் சுற்றுமேல் சுற்றாக ஓடும்போதுதான் பெரிய ரேடியேட்டரும் ஒயில் கூலரும் தேவைப்படுகின்றன. லொறியின் கதை வேறு. கம்பளையிலிருந்து நுவரெலியா ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரம். பத்துத் தொன் எடையை அங்கே தூக்க மட்டும் சுமார் 137 மெகாஜூல் வேலை வேண்டும். டீசல் எஞ்சின் அதைச் செய்யும்போது குளிர்விக்கும் நீருக்குள் இறங்கும் வெப்பத்தை வெளியேற்றாமல் விட்டால், முப்பது லீட்டருக்குக் குறையாத பச்சைத் தண்ணீர் முழுதும் ஆவியாகிவிடும். வேகமோ மணிக்கு இருபது கிலோமீற்றர். எதிர்காற்று என்று சொல்ல ஒன்றுமில்லை. விசிறியும் நீர்ப்பம்பும்தான் கதி. பின்னால் ட்ரெயிலர் இழுக்கும் தேயிலைக் கொழுந்து ட்ரக்டருக்கும் இதே நிலைதான்.

இவ்வளவு குளிரில் எஞ்சின் சூடாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொழும்பில் 28 பாகை, நுவரெலியாவில் 16 பாகை என்று கொண்டால், 90 பாகையில் இருக்கும் ரேடியேட்டருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே 62, இங்கே 74. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இலாபம். ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் காற்று மெலிந்து, கொழும்புக் காற்றின் அடர்த்தியில் 83 வீதம் அளவே மிஞ்சுகிறது. விசிறி தள்ளும் காற்றின் எடை குறைவதால் குளிர் கொடுத்ததை உயரம் பறித்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, திறந்த பாத்திரத்தில் நீர் இங்கே 94 பாகையிலேயே கொதிக்கும். பிரஷர் குக்கரைப் போல ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைக் காப்பதால்தான் கொதிநிலை 110 பாகைக்கு மேல் நிற்கிறது. மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் கீழ்நாட்டில் ஒருவாறு சமாளித்த வண்டி இங்கே பொங்கும். எஞ்சினைப் பிரித்துப் பார்க்குமுன் மூடியை மாற்றிப் பார்ப்பது மலிவு. சூட்டோடு அதைத் திறந்தால் அழுத்தம் சட்டென விழுந்து கொதிநீர் முகத்தில் பாயும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் சூடே ஏறாது என்ற யோசனை கராஜ்களில் இன்னும் உலவுகிறது. முழுதாகத் திறந்த தெர்மோஸ்டாட் நீரை அவ்வளவாகத் தடுப்பதில்லை. சில எஞ்சின்களில் அதை எடுத்துவிட்டால் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குள் போகாமலே திரும்பிவிடும். இறக்கத்திலோ எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்ந்து தேயும். பெரிய கியரில் சுற்று குறைவு, ஆகவே சூடும் குறைவு என்பது இன்னொரு நம்பிக்கை. ஏற்றத்தில் அது எஞ்சினைத் திணறடிக்கும்; எஞ்சினோடு சுழலும் விசிறியும் பம்பும் கூடவே மந்தமாகும். ஒரு கியர் குறைத்து, எக்ஸிலரேட்டரையும் சற்றுத் தளர்த்தி, ஏசியை நிறுத்தி ஏறுவதே மேல். வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கினால் ஓரங்கட்டி நிறுத்தலாம். ஆனால் நீர் குறையாமல் சுழன்றுகொண்டிருந்தால் எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது. அணைத்தால் பம்பும் நிற்கும். சிலிண்டர் தலையில் தேங்கிய வெப்பம் அங்கே நிற்கும் நீரைக் கொதிக்க வைத்துவிடும்.