பூனைக் கிருமியும் புத்தி தடுமாற்றமும்



யாழ்ப்பாணத்தில் கடை வேலைக்குப் போன நம் தோட்டத்துப் பையன் ஒருவன், யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்குது என்று சொல்லத் தொடங்கினான். சாப்பாட்டில் ஏதோ வைக்கிறாங்க என்று பட்டினி கிடந்தான். வீட்டார் பேய் என்று நூல் கட்டினார்கள். மூன்று மாதம் வீணாய்ப் போனது. பிறகுதான் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை மனநலப் பிரிவில் காட்டினோம். மனச்சிதைவு, அதாவது சிசோபிரீனியா என்றார்கள்.

"பூனையைக் கட்டிப் புடிச்சிப் படுப்பானே ஐயா, அதனால மூளையில பூச்சி ஏறிடுச்சா?" என்று தாய் கேட்டார். நியாயமான கேள்விதான்.

டொக்ஸோபிளாஸ்மா என்று கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி ஒன்று உண்டு. எலியைத் தின்னும் பூனையின் குடலில் பெருகி, மலத்தோடு மண்ணில் விழும். கழுவாத கை, கீரை, அரைவேக்காட்டு இறைச்சி வழியாக நமக்குள் வந்து மூளையிலும் தங்கும். 2007 இல் வெளியான ஒரு கணிப்பில் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மனச்சிதைவு உள்ளவர்களிடம் இந்தக் கிருமி தொற்றிய அடையாளம் இருக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு கூடுதலாக இருந்தது.

ஆனால் கிருமிதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தக் கிருமி இருக்கிறது. மனச்சிதைவு வருவதோ சுமார் 300 பேரில் ஒருவருக்குத்தான். பரம்பரை, மன நெருக்கடி, கஞ்சா போன்றவையும் சேர்கின்றன. ஆகவே பூனையை அடித்து விரட்ட வேண்டாம்.

பேய் என்றும் முடிவு கட்ட வேண்டாம். யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் சக வைத்தியர்களும், வட இலங்கையில் பேய் பிடித்தல், சாமி வருதல் பற்றி 2008 இல் ஆய்வு வெளியிட்டார்கள். உருவேறுகிற எல்லாரும் நோயாளி அல்ல. ஆனால் மனநோயும் சிலவேளை அந்த உருவில் வெளிப்படும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. பூனை மலத்தைத் தினமும் அள்ளிப் புதையுங்கள். அது தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் செல்லும். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக் கூடாது; வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும்.

2. மலைக்கறித் தோட்டத்தில் மண் கொத்தினால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கீரையை நன்றாக அலசுங்கள். இறைச்சியை முழுக்க வேகவையுங்கள்.

3. ஒருவர் தனியே பேசினால், தூங்காமல் சந்தேகப்பட்டால், கட்டிப் போடாதீர்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

அந்தப் பையன் இன்று மாத்திரை எடுத்துக்கொண்டே வேலைக்குப் போகிறான். சுகமாகிட்டேன் என்று மருந்தை நிறுத்தாமல் பார்ப்பது வீட்டார் பொறுப்பு. கோயிலுக்குப் போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை; ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.