பேனலில் ஒரு முகவரி

2002-இல் வந்த க்னோம் 2 என்ற லினக்ஸ் மேசைத்தளத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த வசதி நினைவிருக்கும். உலாவியின் முகவரிக் கட்டத்தில், முகவரிக்கு முன்னால் இருக்கும் சின்னத்தைப் பிடித்து இழுத்துத் திரையின் மேலே உள்ள பேனலில் விடுவோம். அங்கே ஒரு புது ஐகான் உட்கார்ந்துவிடும். அவ்வளவுதான் வேலை. நான் முதலில் அப்படி இழுத்துப் போட்டது, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும் தமிழ்ப் பேரகராதியை. அடுத்தது தமிழ் இலக்கியங்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டம். எழுதிக்கொண்டே ஒரு சொல்லைச் சரிபார்க்க வேண்டுமென்றால் ஒரே கிளிக்.

இழுக்க விருப்பமில்லாதவர்கள் பேனலில் வலது கிளிக் செய்து புதிய ஐகானைச் சேர்க்கலாம். அப்போது வரும் பெட்டி, சேர்ப்பது நிரலா, முனையத்தில் ஓடும் நிரலா, அல்லது ஓர் இடமா என்று கேட்கும். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து முகவரியை எழுதினால் போதும். நிரலுக்கும் இணையப் பக்கத்துக்கும் அந்தப் பட்டையில் ஒரே மரியாதை. எதை வைப்பது, எந்த வரிசையில் வைப்பது என்பதெல்லாம் கணினிக்காரரின் விருப்பம்.

அந்த ஐகானுக்குப் பின்னால் இருந்தது ஒரு சிறிய உரைக்கோப்பு. பெயர் 'டாட் டெஸ்க்டாப்' என்று முடியும். உள்ளே நாலைந்து வரிகள்: வகை 'லிங்க்', பெயர், முகவரி, ஐகான். கேடிஇ, க்னோம், எக்ஸ்எஃப்சிஇ என்று மேசைத்தளங்கள் வேறுவேறாக இருந்தும், ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் பொது வரையறையால் எல்லாமே இந்தக் கோப்பைப் புரிந்துகொண்டன. இதில் எனக்கு மிகவும் பிடித்தது பெயர் வரிதான். ஆங்கிலப் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் வரி எழுதி, சதுர அடைப்புக்குள் தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியீட்டைப் போட்டால், தமிழ் இடைமுகத்தில் அதே ஐகான் 'பேரகராதி' என்று காட்டும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, மென்பொருள் எழுதத் தெரிந்திருக்கவும் வேண்டாம்.

2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தது. பழைய பேனல் போய், விருப்ப நிரல்களை வைக்கும் பக்கப்பட்டி வந்தது. அதில் நிரல்கள் மட்டுமே அமரும். 'லிங்க்' வகைக் கோப்பு நிரல் பட்டியலிலேயே வராது. வராததைப் பட்டியில் வைக்கவும் முடியாது. ஆக, முகவரிக்கு நிரல் வேஷம் போட வேண்டியதாயிற்று. வகையை 'அப்ளிகேஷன்' என்று மாற்றி, ஓடவேண்டிய கட்டளையாக, முகவரியை உலாவியில் திறக்கும் எக்ஸ்டிஜி-ஓபன் என்பதையும் அதன் பின்னால் முகவரியையும் எழுதி, வீட்டு அடைவுக்குள் ஒளிந்திருக்கும் அப்ளிகேஷன்ஸ் அடைவில் சேமிக்க வேண்டும். இப்போதும் இது வேலை செய்கிறது. ஆனால் இழுத்துப் போட்ட கைக்கு இது நீண்ட சுற்று. புதிதாக லினக்ஸுக்கு வரும் ஒரு மாணவருக்கு இந்த அடைவு இருப்பதே தெரியாது.

இன்னொரு பக்கம், இணையப் பக்கத்தையே நிரலாக்கும் வழிகள் பெருகின. குரோமில் பக்கத்தை நிரலாக நிறுவலாம். க்னோமின் சொந்த உலாவியிலும் அப்படியே செய்யலாம். லினக்ஸ் மின்ட் 2021 ஜனவரியில் வந்த 20.1 பதிப்பில் இதற்கென்றே வெப் ஆப்ஸ் என்ற கருவியைத் தந்தது. பெப்பர்மின்ட் என்ற வேறொரு லினக்ஸ் வெளியீட்டின் ஐஸ் என்ற கருவியை ஒட்டி உருவானது அது. பெயரும் முகவரியும் கொடுத்தால் மெனுவில் ஏறிவிடும், அங்கிருந்து பேனலுக்கும் கொண்டுபோகலாம். இதனால் வந்த நன்மையை மறுக்க மாட்டேன். அஞ்சல் தனிச் சாளரம், வங்கி தனிச் சாளரம். ஆல்ட்டும் டேபும் அழுத்தினால் தனித்தனியாக வரும். பழைய பேனல் ஐகானில் திறந்த பக்கம், உலாவியின் முப்பது தாவல்களுக்கு நடுவே போய் மறைந்துவிடும்.

ஆனால் அகராதிக்கு எதற்குத் தனிச் சாளரம்? ஒரு சொல்லைத் தேடிவிட்டு, அங்கிருந்து வேறு தளத்துக்குத் தாவி, கிடைத்த பக்கத்தைக் குறித்துவைத்துத் திரும்ப வேண்டும். இந்தச் சாளரங்களில் பெரும்பாலும் முகவரிக் கட்டமே இருக்காது. எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்பதைப் பார்க்கும் பழக்கமே கைவிட்டுப் போகிறது. வங்கிப் பக்கத்தில் இது சின்ன விஷயமல்ல. அலுவலகம் போலப் பயன்படும் தளங்களுக்குத் தனிச் சாளரம் பொருந்தும். நூலகம் போலப் பயன்படும் தளங்களுக்கு முகவரி கண்ணில் படும் உலாவிதான் சரி.

பழைய பழக்கம் அடியோடு போய்விடவில்லை. க்னோம் 2 நிறுத்தப்பட்டதும் அதன் நிரல்மூலத்தை எடுத்துத் தொடர்ந்த மாட்டே மேசைத்தளத்தில் பேனலும் அந்த இடம் என்ற வகையும் அப்படியே இருக்கின்றன. எக்ஸ்எஃப்சிஇ-யும் பேனல் ஐகான்களை இன்றுவரை டாட் டெஸ்க்டாப் கோப்புகளாகவே வைத்திருக்கிறது. திறந்து படிக்கலாம், திருத்தலாம், வேறு கணினிக்கு எடுத்துப்போகலாம். பள்ளிகளிலும் நூலகங்களிலும் லினக்ஸ் நிறுவித் தருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மாட்டேயையோ எக்ஸ்எஃப்சிஇ-யையோ போடுங்கள். மதுரைத் திட்டத்தையும் தமிழ் விக்கிப்பீடியாவையும் பேரகராதியையும் பேனலில் தமிழ்ப் பெயரோடு வைத்துக் கொடுங்கள். பொது வரையறையில் 'லிங்க்' வகை இன்னும் நீக்கப்படவில்லை. க்னோமின் விருப்ப நிரல் பட்டியும் அதை ஏற்றுக்கொண்டால், வேஷம் கட்டவேண்டிய வேலை மிச்சம்.