ஆம்பூர் குடோன்ல கிடக்கிற பழைய கார்: புதையலா, இ.எம்.ஐ. பொறியா?



ஒரு சீன் சொல்றேன், கற்பனை பண்ணிப் பாருங்க. நீங்க ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில வேலை பார்க்கிறீங்க. கையில வர்ற சம்பளம் 35,000 ரூபாய். நண்பரோட அப்பா வச்சிருக்கிற அம்பாசடருக்கு ஒரு பழைய கார்புரேட்டர் வேணும். ஞாயித்துக்கிழமை பேரணாம்பட்டு பக்கம் வயசான ஒரு மெக்கானிக்கைத் தேடிப் போறீங்க.

"கார்புரேட்டர் இல்ல தம்பி. ஆனா அந்த மூடிக் கிடக்கிற தோல் குடோன்ல ஒரு வண்டி நிக்குது, வேணும்னா போய்ப் பாருங்க" என்கிறார்.

தார்ப்பாயைத் தூக்கினா, உள்ளே ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்! "ஒன்றரை லட்சம் குடுத்துட்டு எடுத்துட்டுப் போப்பா" என்கிறார் குடோன்காரர். அன்னைக்கு ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வராது. போன்ல பெர்சனல் லோன் ஆப் திறந்தே இருக்கும்.

அந்த பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி, இதைப் படிச்சிடுங்க.

இந்தப் பக்கம் ஏன் இப்படி?

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி. இந்தப் பாலாற்றங்கரை ஊர்கள் எல்லாம் தோல் வியாபாரத்துல வளர்ந்தவை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆற்றைக் கெடுத்த தோல் ஆலைகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு இல்லாத ஆலைகள் ஓடக் கூடாது. "மாசு பண்ணினவனே செலவையும் ஏத்துக்கணும்" என்கிற கொள்கை இந்திய சட்டத்துல அழுத்தமா பதிஞ்சது இந்த வழக்கிலதான்.

ஒரு ஆலை மூடினா, கட்டடம் அப்படியே நிக்கும். பாகப் பிரிவினை முடியாத குடும்பம்னா உள்ளே இருக்கிற சாமானும் அப்படியே நிக்கும். கார் உட்பட.

ஆனா ஒண்ணு கவனிங்க. பச்சைத் தோலை உப்பு போட்டுத்தான் பதப்படுத்துவாங்க. உப்பு படிஞ்ச தரை இரும்புக்கு எமன். மேல பெயின்ட் பளபளன்னு இருந்தாலும், கீழே படுத்து டார்ச் அடிச்சு சேஸியைப் பாருங்க.

ஸ்பேர் கிடைக்குமா?

ஹெரால்ட் நம்ம சென்னையில தயாரான கார். ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961-ல் இருந்து 1971 வரைக்கும் தயாரிச்சது. 948 சிசி எஞ்சின். அதே கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000-ன்னு ஒரு பெரிய கார் விட்டது. பாடி இங்கிலாந்து ரோவர் மாடல், ஆனா உள்ளே இருந்தது பழைய வேன்கார்டு காலத்து எஞ்சின். கார் எடுபடல. 1988-ல் உற்பத்தி நின்னு போச்சு.

இதுல ஒரு சுவாரசியம்: வேன்கார்டு எஞ்சினோட உறவுக்கார எஞ்சின்தான் பழைய பெர்குசன் டிராக்டர்லயும் இருந்தது. அதனால பாகம் தேடுறவங்க டிராக்டர் கடையையும் விடமாட்டாங்க. அம்பாசடரோட 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு இங்கிலாந்து எம்.ஜி. கார்களோட எஞ்சின் சொந்தம். சென்னை புதுப்பேட்டையில அலைஞ்சா சில சாமான் சிக்கும். ஹெரால்டுக்கு பிரிட்டன்ல இன்னும் ஸ்பேர் விக்கிறாங்க. ஆனா கப்பல் செலவும் சுங்க வரியும் உங்க தலையில.

பேப்பர் இல்லன்னா, அது பழைய இரும்பு

காருக்கு முன்னாடி ஆர்.சி. புக்கைக் கேளுங்க. அதுல இருக்கிற எஞ்சின் நம்பர், சேஸி நம்பர் ரெண்டும் வண்டியில இருக்கிறதோட ஒத்துப் போகணும். ஓனர் இறந்திருந்தா, வாரிசு பேருக்கு மாத்தின பிறகுதான் உங்களுக்கு விக்க முடியும். அதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல படிவம் 31. நாலு வாரிசு இருந்து மூணு பேர் மட்டும் சரின்னு சொன்னா, அது டீல் இல்ல, வழக்கு.

முதல் பதிவுக்கு அப்புறம் 50 வருஷம் தாண்டின, ஒரிஜினல் நிலை மாறாத வண்டியை "விண்டேஜ்"னு பதிவு பண்ண 2021-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஹெரால்ட் இந்த வயசைத் தாண்டியாச்சு. ஸ்டாண்டர்ட் 2000 இன்னும் தாண்டல.

இங்கதான் பலரோட கனவு உடையும். விண்டேஜ் பதிவு வண்டியை தினமும் ஓட்டக் கூடாது, வியாபாரத்துக்கும் விடக் கூடாது. கண்காட்சி, ரேலி மாதிரி விஷயங்களுக்கு மட்டும்தான். "கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டு இ.எம்.ஐ. கட்டிடலாம்"னு நினைச்சிருந்தா, அந்தக் கணக்கை இப்பவே அழிச்சிடுங்க.

இப்ப நம்ம கணக்கு

கார் 1.5 லட்சம். எஞ்சின், டிங்கரிங், பெயின்ட், வயரிங், டயர், சீட்டுக்கு குறைஞ்சது இன்னொரு 1.5 லட்சம்னு வைங்க. மொத்தம் 3 லட்சம். 14% வட்டியில 3 வருஷ பெர்சனல் லோன் எடுத்தா மாச இ.எம்.ஐ. சுமார் 10,253 ரூபாய். கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட 3.69 லட்சம். சம்பளத்துல 29% ஒரு ஓடாத காருக்குப் போகுது. வாடகை, வீட்டுக்கு அனுப்புற பணம் எல்லாம் மிச்சத்துலதான்.

அதே 10,253-ஐ மாசா மாசம் ஆர்.டி.யில போடுங்க. 15 மாசத்துல வட்டியைச் சேர்க்காமலே 1,53,795 ரூபாய். காரோட விலை ரொக்கமா கையில. முப்பது வருஷம் நின்ன வண்டி இன்னும் 15 மாசம் நிக்காதா? அதுக்குள்ள வேற யாராவது வாங்கிட்டா, வாங்கட்டும். உங்ககிட்ட பணம் இருக்கு, கடன் இல்ல.

"பிரான்ஸ்ல ஒரு பண்ணையில கிடைச்ச ஃபெராரி கோடிக்கணக்குல போச்சே!"ன்னு கேப்பீங்க. உண்மைதான். 2015-ல் பாரிஸ் ஏலத்துல அந்த ஃபெராரி 1.6 கோடி யூரோவைத் தாண்டிப் போச்சு. ஆனா அது உலகத்துலயே வெகு சிலதுல ஒண்ணு, நடிகர் அலன் டெலான் வச்சிருந்த வண்டி. லாட்டரி ஜெயிச்சவனோட போட்டோ மட்டும்தான் பேப்பர்ல வரும், தோத்தவங்களோடது வராது.

கடைசியா ரெண்டு விஷயம்

எமர்ஜென்சி ஃபண்ட் ஆறு மாசச் செலவுக்கு இருக்கா? ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கா? இருந்தா, உங்க சொந்தக் காசுல ஆசைக்கு வாங்குங்க, தப்பே இல்ல. ஆனா அதுக்கு "முதலீடு"ன்னு பேர் வைக்காதீங்க.

அந்தக் குடோன் உங்க தாத்தாவோடதா இருந்தா, கிலோ கணக்குல இரும்புக் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் பொறுங்க. பீரோவுல ஆர்.சி. புக் இருக்கான்னு பாட்டியைக் கேளுங்க. அந்த ஒரு புக்குதான் இரும்பு விலைக்கும் கார் விலைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்.

உங்க வீட்டுல எந்த வண்டி நிக்குது? வீடியோ கீழ சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!