ஒட்டு போடத் தெரியுமா, பாப்பா?

நத்தம் பக்கம் எனக்கு மூணு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. போன தை மாசம், தோட்டக்கலை நாலாம் ஆண்டு படிக்கும் மாணவிகள் கிராமத் தங்கல் பயிற்சிக்கு எங்கள் ஊருக்கு வந்தார்கள். ஒரு பொண்ணிடம் மாம்பூவில் இருந்த தத்துப்பூச்சியைக் காட்டினேன். மருந்தின் பெயர், லிட்டருக்கு எத்தனை மில்லி, எல்லாம் கடகடவென்று சொன்னாள்.

"சரிம்மா, ஓரத்து மரத்தை விட்டுட்டு நடு மரத்துல மட்டும் ஏன் இப்படி மொய்க்குது?" என்றேன். முழித்தாள்.

நடு மரங்கள் கிளை பின்னி, வெயிலும் காற்றும் புகாமல் கிடந்தன. அந்த நிழல்தான் தத்துப்பூச்சிக்குச் சொகுசு. அறுவடை முடிந்ததும் கவாத்து செய்திருக்க வேண்டும். (செய்யாதது என் தப்பு. ஆள் கிடைக்கவில்லை.)

அடுத்து என் பதினோரு புளிப்பு மரங்களைக் காட்டினேன். எட்டு வருஷத்துக்கு முன் இமாம் பசந்த் என்று ஒரு நர்சரியில் 40 ஒட்டுக்கன்று வாங்கி நட்டேன். பதினொன்றில் மேல் ஒட்டு பட்டுப்போய், கீழே நாட்டு மாங்கொட்டையில் முளைத்த அடிச்செடி துளிர்த்து மரமாகிவிட்டது. "வளரட்டும் அண்ணே" என்றார் விற்றவர். நானும் தண்ணீர் ஊற்றினேன். காய்த்த பிறகுதான் தெரிந்தது.

"ஒட்டு போடத் தெரியுமா, பாப்பா?"

"ரெக்கார்டு நோட்டுல படம் போட்டிருக்கேன் அய்யா. கையால ஒருதடவைதான் செஞ்சோம், அது பிடிச்சுதான்னு பாக்கலை."

அவளைக் குறை சொல்லி என்ன பயன்? படிப்பு நாலு வருஷம். ஒட்டு மா முதல் காய் தரவும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான். முதல் வருஷமே ஆளுக்குப் பத்துக் கன்று கொடுங்கள். அவர்களே ஒட்டுக் கட்டி, நட்டு, ஜீவாமிர்தம் ஊற்றி, ஆரம்பத்தில் வரும் பூவைக் கிள்ளி, செலவுக் கணக்கு எழுதட்டும். நாலாம் வருஷம் வந்த காயை மண்டிக்குக் கொண்டுபோய், கமிஷன் போக மிச்சத்தை எண்ணிப் பார்க்கட்டும். பூவிலேயே தோப்பை ஏன் குத்தகைக்கு விடுகிறோம் என்று அப்போது புரியும்.

அந்தப் பொண்ணு படிப்பு முடித்து ஆடியில் திரும்பி வந்தாள். ஒட்டுக்குச்சியின் இலைகளை ஒரு வாரம் முன்பே நறுக்கி, மொட்டு உப்பியதும் எடுத்து, பத்துக் கன்று கட்டினாள். நாலு பிடித்திருக்கிறது.

போன வாரம் போன் செய்தாள். "ஒட்டுக்குக் கீழ துளிர் வந்தா உடனே கிள்ளிடுங்க அய்யா."