லென்ஸ் போட்ட கணக்கு

கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடச் சொன்னால் கம்ப்யூட்டர் படத்தைப் புள்ளி புள்ளியாகக் கூட்டிப் பெருக்கிப் பார்க்கும். அதே கணக்கை ஒரு லென்ஸ் சத்தமில்லாமல் போட்டுவிடும். இந்த நம்பிக்கையில்தான் தில்லி ஹௌஸ் காஸில் உள்ள ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கேஹர் சிங்கின் குழு பல ஆண்டுகள் லேசரோடு மல்லுக்கட்டியது.

லேசர் ஒளியில் காட்டும் படம் லென்ஸைக் கடந்து குவியும் இடத்தில், அதன் நுட்பமான கோடுகளும் பரந்த வடிவங்களும் தனித்தனியே பிரிந்து விழும். (கல்லூரி மாணவர்கள் ஃபூரியர் உருமாற்றம் என்று தாள் தாளாக எழுதித் திண்டாடுவது இதைத்தான்.) தேடும் உருவத்திற்கென்றே தயாரித்த வடிகட்டியை அங்கே வைத்து, அடுத்து இன்னொரு லென்ஸை நிறுத்தினால் போதும். அச்சிட்ட பக்கத்தில் 'க' எங்கே என்று தேடினால், 'க' உள்ள இடங்களில் எல்லாம் ஒரே சமயத்தில் பளிச்சென்று புள்ளி தோன்றும். பத்து இருந்தாலும் நூறு இருந்தாலும் அதே நேரம்தான். 'ச' வந்தால் மங்கலாக ஒரு புள்ளி எட்டிப் பார்க்கும். ஒரு நானோ நொடியில் ஒளி 30 செ.மீ. போகும், சோதனை மேஜையைக் கடக்க நாலைந்து நானோ நொடி. அமெரிக்காவில் வாண்டர் லுக்ட் 1964இல் வெளியிட்ட இந்த வழி, படங்களில் டாங்கியைத் தேடும் ராணுவத்துக்கு எவ்வளவு இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் மேஜையின் இரு முனைகளில் இருந்தது. படத்தை ஒளியில் ஏற்ற அன்று மலிவாகக் கிடைத்தது கையடக்க டி.வி.யின் திரவப் படிகத் திரை. நொடிக்கு 30 படங்களோடு அது மூச்சு வாங்கும். விமானத்தில் பறந்து வந்தவர் ஆட்டோவுக்குக் காத்து நின்ற கதை. தேடும் உருவம் சற்றுச் சாய்ந்தாலும் சிறுத்தாலும் புள்ளி மங்கும். அதற்குள் சிலிக்கான் சில்லுகள் மலிவாகி முந்திக்கொண்டன.

உழைப்பு வீணாகவில்லை. உருவத்தைத் தேடிய அதே லென்ஸ் வரிசை, உருவத்தை ஒளித்துவைக்கவும் உதவியது. உன்னிகிருஷ்ணன், ஜோபி ஜோசப், கேஹர் சிங் மூவரும் 2000இல் 'ஆப்டிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் வெளியிட்ட ஒளிச் சங்கேத முறையை அத்துறையினர் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு மின்சாரத்தைக் குடிக்கும் வேகத்தைப் பார்த்து, ஒளியின் பக்கம் மறுபடி பார்வை திரும்பியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு 2018இல், முப்பரிமாண அச்சில் வார்த்த சில தகடுகளை வைத்தே கையெழுத்து எண்களை அடையாளம் காட்டியது. தகடுகளுக்கு மின்சாரமே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத டெராஹெர்ட்ஸ் அலை அவற்றைக் கடந்தாலே விடை. ஆனால் அந்த எண்களையும் அச்சில் வார்த்துத்தான் அலையின் முன் நிறுத்த வேண்டியிருந்தது.