பலகைப் படத்தின் அடியில் என்ன இருக்கிறது?

பூந்தமல்லியிலிருந்து போரூர், ராமாபுரம், நந்தம்பாக்கம் வழியாகச் செல்லும் மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் நீங்கள் பலமுறை பேருந்தில் போயிருப்பீர்கள். அந்தச் சாலை போய்ச் சேரும் பரங்கிமலையின் உச்சியில், போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. அங்கே மரப்பலகையில் தீட்டிய பழைய மேரி மாதா படம் ஒன்றைக் காணலாம். தோமையார் அதைக் கொண்டுவந்தார் என்பது மரபு. அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆனால் மரப்பலகையில் படம் தீட்டும் கலை மிகப் பழையது என்பதில் ஐயமே இல்லை.

கிரேக்க, ரஷ்ய நாடுகளின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் இத்தகைய படத்தை 'ஐகான்' என்பார்கள். கிரேக்க மொழியில் இதற்கு 'உருவம்' என்று பொருள். நம் தஞ்சாவூர் ஓவியத்தையும் பழைய ஓவியர்கள் 'பலகைப் படம்' என்றே சொன்னார்கள். ஒன்றில் ஏசுநாதர், மற்றொன்றில் வெண்ணெய்க் கண்ணன். இவற்றின் அடுக்குகளைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. மரம், அதன்மேல் துணி, அதன்மேல் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் தங்கமும் வண்ணமும் என்று இரண்டுக்கும் அடுக்கு முறை ஒன்றே!

ஏன் இத்தனை அடுக்குகள்? மரத்தின் மேல் நேராக வண்ணம் தீட்டினால் என்ன?

மூச்சு விடும் மரம்

மரம் வெட்டிய பிறகும் சும்மா இருப்பதில்லை. மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும். கோடையில் ஈரத்தை இழந்து சுருங்கும். ஐப்பசி மழையில் உங்கள் வீட்டுக் கதவு நிலையில் சிக்கிக்கொள்வது இதனால்தான்.

இந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. பச்சை மரம் முழுவதும் காயும்போது அதன் நீளம் ஏறத்தாழ 0.1 சதவீதமே குறையும். ஆனால் வருட வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 8 சதவீதமும், மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுமார் 4 சதவீதமும் குறையும். இந்த வேறுபாட்டால்தான் பலகை வளைகிறது. பலகை அசைந்தால் அதன்மேல் உள்ள வண்ணம் வெடிக்கும்.

இதைத் தச்சர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். ரஷ்யாவில் லிண்டன் மரப் பலகையின் பின்புறம் குறுக்கே பள்ளம் வெட்டி, சட்டங்களைச் செருகினார்கள். ஆணி அடித்து இறுக்கவில்லை. ஏன் தெரியுமா? சட்டம் பலகையை வளையவிடாது. ஆனால் பள்ளத்துக்குள் நழுவும் என்பதால், பலகை அகலத்தில் சுருங்கவும் விரியவும் தடை இருக்காது. தஞ்சையில் பலாப் பலகையைத் தேர்ந்தார்கள். இன்றைய ஓவியர்களில் பலர் ஒட்டுப் பலகையை, அதாவது பிளைவுட்டைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒரு தகட்டின் இழை நெடுக்காகவும் அடுத்ததன் இழை குறுக்காகவும் இருக்கும். ஒன்று சுருங்க முயன்றால் மற்றொன்று பிடித்துக்கொள்ளும்.

மரத்துக்கும் வெள்ளைப் பூச்சுக்கும் இடையே ஒட்டும் துணி, மரத்தில் சிறு பிளவு ஏற்பட்டாலும் அது மேலே பரவாமல் பாலம்போல் தாங்குகிறது.

வெள்ளைப் பூச்சு

துணியின்மேல் சாக்குப் பொடியையும் பசையையும் குழைத்துப் பூசுகிறார்கள். நம் ஊரில் புளியங்கொட்டைப் பசை. ஐரோப்பாவில் தோலிலிருந்தும் மீனிலிருந்தும் காய்ச்சிய பசை. நம் தச்சர்களின் வஜ்ஜிரமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

இதை ஒரே தடவையில் கனமாகப் பூசினால் என்ன ஆகும்? கோடையில் வற்றிய ஏரியின் படுகையைப் பாருங்கள். மேற்புறம் முதலில் காய்ந்து சுருங்க, அடியிலுள்ள ஈரமண் அதனோடு சேர்ந்து சுருங்காமல் போவதால் சேறு வெடிக்கிறது. பூச்சிலும் அதே கதைதான். ஆகவே மெல்லியதாகப் பலமுறை பூசி, ஒவ்வொன்றையும் காயவிட்டு, கடைசியில் கண்ணாடிபோல் தேய்க்கிறார்கள்.

தங்கமும் மண்ணும்

தங்கம் விலை உயர்ந்தது. ஆனால் ஓவியத்துக்கு எவ்வளவு தேவை? தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். அடித்து மெலிதாக்கிய ஐகான் தங்கத் தாளின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் ஒரு கிராம் தங்கம் எவ்வளவு பரப்பை மூடும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 5,200 சதுர சென்டிமீட்டர், அதாவது அரைச் சதுர மீட்டர்! தங்கம் ஆக்ஸிஜனுடன் சேராததால் கறுப்பதில்லை. பித்தளைத் தாள் ஒட்டிய போலிப் படம் சில ஆண்டுகளில் மங்கிவிடும்.

வண்ணங்களில் நிலையானது காவி. செங்குன்றத்துக்குப் பெயர் தந்த செம்மண்ணின் நிறமும் இரும்பு ஆக்சைடால் வந்ததே. இரும்பு ஏற்கெனவே ஆக்ஸிஜனோடு சேர்ந்துவிட்டதால், வெயிலும் காற்றும் அதை மேலும் மாற்றுவதில்லை. பழைய ஓவியர்கள் சாதிலிங்கம், அரிதாரம், ஈய வெள்ளை ஆகியவற்றையும் பயன்படுத்தினார்கள். அவற்றில் முறையே பாதரசம், ஆர்சனிக், ஈயம் உள்ளன. இவை நஞ்சு; நீங்கள் தொடவே கூடாது.

செய்து பாருங்கள்

1. ஒரு சாண் அளவுள்ள பிளைவுட் துண்டில் பழைய பருத்தித் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுங்கள்.

2. காய்ந்ததும் சாக்குப் பொடியும் பசையும் கலந்து, மெல்லியதாக ஆறு முறையாவது பூசுங்கள். பிறகு உப்புத்தாளால் தேயுங்கள். தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் சாக்குப் பொடியின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது கால்சியம் கார்பனேட். நுரைக்காவிட்டால் பெரும்பாலும் ஜிப்சம். கவலை வேண்டாம், இத்தாலிய ஓவியர்கள் ஜிப்சத்தையே பூசினார்கள்.

3. ஒரு பிடி செம்மண்ணை நீரில் கலக்கி, அரை நிமிடம் கழித்துக் கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். பெருமணல் விரைவில் அடியில் படியும். நுண்துகள் நீரில் மிதந்துகொண்டிருக்கும். மறுநாள் அடியில் படிந்திருப்பதுதான் உங்கள் வண்ணம்.

4. அதில் பாதியை வேலம்பிசின் கரைசலிலும், மறுபாதியை முட்டையின் மஞ்சள் கருவும் சம அளவு நீரும் கலந்த கலவையிலும் குழையுங்கள். இரண்டையும் பலகையின் ஓரத்தில் தனித்தனியே தீட்டி, இரண்டு வாரம் கழித்து ஈரத்துணியால் மெல்லத் துடையுங்கள். முட்டை புழங்காத வீடானால் பிசினை மட்டும் சோதியுங்கள்.

பிசின் வண்ணம் துணியில் வந்துவிடும். முட்டை வண்ணம் பெரிதும் அப்படியே நிற்கும். மஞ்சள் கருவில் நீர், கொழுப்பு, புரதம் மூன்றும் உள்ளன. லெசித்தின் என்னும் பொருள் நீரையும் கொழுப்பையும் இணைத்து வைக்கிறது. நீர் ஆவியானதும் புரதம் இறுகி, பிறகு நீரில் எளிதில் கரைவதில்லை. முட்டை காய்ந்த தட்டைக் கழுவிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்!

காப்பதும் கலையே

ஆந்த்ரேய் ரூப்ளேவ் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய 'திரித்துவம்' என்ற ஐகானை எல்லோரும் கருமையான படம் என்றே எண்ணியிருந்தார்கள். பாதுகாப்புக்காகப் பூசிய எண்ணெய் காலப்போக்கில் கறுத்து, மேலே புது வண்ணமும் ஏறியிருந்தது. 1904இல் அதைச் சுத்தம் செய்யத் தொடங்கியபோதுதான் உள்ளே ஒளிரும் நீலம் தெரிந்தது. 2022 ஜூலையில் அதை அருங்காட்சியகத்திலிருந்து ஒரு மடாலயத்துக்குச் சில நாட்கள் கொண்டுபோய்த் திரும்பியபோது, படத்தின் நிலையில் பல மாற்றங்களைப் பாதுகாப்பு வல்லுநர்கள் பதிவு செய்தார்கள். அறுநூறு ஆண்டு கடந்த மரமும் மூச்சு விடுகிறது! சினாய் பாலைவன மடத்தில் 6ஆம் நூற்றாண்டு ஐகான்கள் இன்றும் இருப்பதற்கு, அங்குள்ள வறண்ட காற்றும் ஒரு காரணம். கடலோரச் சென்னையில் நமக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே உங்கள் பாட்டி வீட்டுப் பூஜையறையில் பழைய பலகைப் படம் இருந்தால், ஈரத்துணியால் துடைக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். பிசின் நீரில் கரையும் என்பதை உங்கள் சோதனையே காட்டியிருக்கும். மழை நனையும் சுவரில் மாட்ட வேண்டாம். எதிரே விளக்குப் புகை படாதபடி சற்றுத் தள்ளி வையுங்கள்.

ஆவடியிலோ அம்பத்தூரிலோ ரயில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், எழும்பூர் அரசு அருங்காட்சியகம் அதிகத் தொலைவில் இல்லை. பழம்பொருள்களைக் காக்கும் வேதியியல் ஆய்வுக்கூடம் அங்கே 1930இலேயே தொடங்கியது. தஞ்சாவூர் ஓவியங்களையும் அங்கே பார்க்கலாம். பார்க்கும்போது தங்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று கவனியுங்கள். அடியிலிருக்கும் மரத்தின் இழை எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்தக் கோடே உங்களுக்குச் சொல்லிவிடும்.