விமானமும் சுமையின் எல்லையும்

எம்மூராகிய செஞ்சியில் இராஜகிரிக் கோட்டையின் உச்சியை அடைவோர், பெரும் பாறைப் பிளவொன்றைப் பாலத்தின் வழியே கடத்தல் வேண்டும். பாலம் தாங்கும் சுமை அதன் கட்டுக்கோப்பைப் பொறுத்தது. கடப்போரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. ஒருவர் தாமே இயற்றிக்கொள்ளும் சிறு விமானத்திற்கும் இவ்வுண்மை பொருந்துமாற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இத்தகைய முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னை மௌண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திய டி ஏஞ்செலிஸ் என்பார், தாமே வகுத்த அமைப்பின்படி சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு ஒரு விமானம் செய்வித்து, 1910-ஆம் ஆண்டிலேயே பறந்து காட்டினார். மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி வீட்டு மாடியில் அமைத்த விமானம், 2017-இல் அரசினரின் பதிவு பெற்றது.

விமானத்தின் வெற்றெடையோடு, ஏறுவோர், எரிபொருள், மூட்டை ஆகியவற்றின் எடையையும் கூட்ட வருவது மொத்த எடையாம். அதற்கு ஓர் எல்லை வகுத்தற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, எடை மிகுந்தால் வானில் நிற்றற்கு வேண்டும் வேகமும் மிகும். எடை நூற்றுக்குப் பத்து ஏறினால், அவ்வேகம் நூற்றுக்கு ஐந்து ஏறும். தரையில் ஓடியெழும் தூரமோ ஐந்தில் ஒரு பங்கிற்குக் குறையாமல் நீளும். இரண்டாவது, இறக்கையின் வலிமை. விமானம் உயரம் குன்றாது 60 பாகை சாய்ந்து திரும்புங்கால், இறக்கை இருமடங்கு சுமையைத் தாங்கும். 500 கிலோகிராம் எடையுள்ள விமானத்தின் இறக்கை அப்போது 1000 கிலோகிராம் தாங்கும். நூறு கிலோகிராம் கூடுதலாக ஏற்றினால் 1200 தாங்க நேரும். மூன்றாவது, வெப்பம். 40 பாகை வெயிலில், 15 பாகைக் குளிர்ச்சியில் இருப்பதைவிடக் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு எட்டளவு குறையும். செஞ்சிப் பாறைகள் கொதிக்கும் சித்திரையில் விமானம் மேலெழ அரிதாதல் இதனாலேயாம். இவையேயன்றி, சுமை பின்புறம் மிகுந்து நிறைமையம் பிறழின், எல்லைக்குட்பட்ட எடையும் இடர் விளைக்கும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில், சோதனை வகை விமானத்தைக் கட்டியவரே அதன் எடை எல்லையைக் குறிக்க இடமுண்டு. இங்கேதான் சோதனை எழுகின்றது. வண்ணம், மெத்தை, கருவிகள் எனச் சேரச்சேர வெற்றெடை ஏறுகின்றது. எல்லை மாறாதிருப்பின், எரிபொருளையேனும் உடன் வருவோரையேனும் குறைத்தல் வேண்டும். அதற்கு மனமின்றிச் சிலர் எல்லையையே உயர்த்தி எழுதிவிடுகின்றனர். ஏட்டிலுள்ள எண் மாறினும் இறக்கையின் வலிமை மாறுமோ? அவ்வெண்ணை நம்பி ஏறுபவர் கட்டியவரின் மனைவி மக்களும் நண்பருமன்றோ!

ஆதலின், பணி முடிந்தபின் விமானத்தைத் தராசிலேற்றி நிறுத்தலும், வகுத்தவர் கூறிய எல்லையைப் பேணலும், சோதனைப் பறப்பில் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் காண்டலும் கடமைகளாம். வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வண்டியின் அச்சைக் காட்டி உணர்த்திய நெறி, வானில் செல்லும் ஊர்திக்கும் உரியதென்று தெளிவோமாக.